தூக்குச்சட்டியில் கசிந்த பேர்

ஜூன் 9, திங்கள்

இந்துமதி கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது இந்த டைரியை வைத்துவிட்டுப் போனாள். உரக்கடையில் கொடுத்ததாம். "எம்மா, நாள் பூரா செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காத. என்ன செஞ்சியோ அத எழுது. ரெண்டு வரி எழுதினாப் போதும்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வருகிறது. மகள் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

இன்று செய்தது: வாசல் தெளித்தேன். துணி துவைத்தேன். சுவரைப் பார்த்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ரசம் வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்து மூடினேன். இது இவர், என் வீட்டுக்காரர், கடைசியாகப் போட்ட எலுமிச்சை ஊறுகாய். சைக்கிள் கடையைப் பகலில் இழுத்துச் சாத்தாத மனிதர், மாசி மாதம் ஊறுகாய்க்காக இரண்டு நாள் சாத்துவார். தானே நறுக்குவார், தானே உப்புப் போடுவார், மொட்டை மாடியில் காயவைத்துவிட்டுக் காக்கை வராமல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என்னைக் கிட்டே விடமாட்டார். போன வருஷமும் அப்படித்தான் போட்டார். ஆடி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

யோசிக்காமல் நானும் சாப்பிட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். பொங்கல் சமயம் கரண்டி ஜாடியின் அடியில் தட்டியது. அன்றோடு நிறுத்திவிட்டேன். ஆகஸ்ட் ஏழாம் தேதி முதல் வருஷத் திதி. போனவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். இவருக்கு வடை பிடிக்கும், பாயசம் பிடிக்கும், எல்லாவற்றையும்விடத் தான் போட்ட ஊறுகாய் பிடிக்கும். அதுவரை ஒரு துண்டைக் கூட யாரும் தொடக்கூடாது.

ஆனால் அவ்வளவு பெரிய ஜாடியின் அடியில் அது கிடப்பதைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

ஜூன் 14, சனி

பரணைத் துடைத்தபோது நினைவுத் தூக்குகளில் மிச்சம் இருந்தது கிடைத்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் இவர் பேர் வெட்டி ஆளுக்கொரு தூக்குச்சட்டி கொடுத்தோம். வாங்கிவந்தது என் நாத்தனார் சண்முகவடிவு. எதிர் வீடு. "நல்ல எவர்சில்வர் மைனி, கடையில இருக்கதுலயே ஒசத்தி" என்றாள். தூக்கிப் பார்த்தால் காகிதம் போல் இருக்கிறது. ஒசத்தியான சாமான் அப்படித்தான் இருக்கும் போல.

"ஆவுடையப்பன் நினைவாக" என்று புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறது. வெட்டியவன் பலசாலி. சில இடத்தில் உள்பக்கமே புடைத்திருக்கிறது.

ஊறுகாய் ஜாடியை விட்டு இறங்கக்கூடாது என்பார் இவர். ஆனால் அவர் பேர் போட்ட பாத்திரத்தில் இறக்கினால் என்ன சொல்லிவிடப் போகிறார். இறக்கினேன். கழுத்து வரை வந்தது. நிறைய இருப்பது போல் இருக்கிறது. படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று தூக்கின் மூடியைத் திறந்தபோது "புஸ்" என்றது. கடையிலிருந்து வந்து நாற்காலியில் உட்காரும்போது இவர் விடுவாரே, அதே மூச்சு. மூடிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

திறந்தேன். புஸ்.

ஜூன் 27, வெள்ளி

தண்ணி மோட்டாரை ரிப்பேர் பண்ணவா, புதுசு வாங்கவா என்று கேட்டுவிட்டுத் திறந்தேன். புஸ் என்றது. ரிப்பேர் என்றுதான் அர்த்தம். உயிரோடு இருந்தபோதும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மூடியின் உள்பக்கம் கொஞ்சம் கறுத்திருக்கிறது. துடைத்தால் போகவில்லை.

ஜூலை 2, புதன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையில் விளக்கேற்றும்போது பார்த்தேன். தூக்கில் இவர் பேரின் கடைசி எழுத்துக்கு மேலே இருக்கும் புள்ளியில் ஒரு சொட்டு நீர் நிற்கிறது. துண்டால் துடைத்தேன். பால் காய்ச்சிவிட்டு வந்து பார்த்தால் மறுபடி நிற்கிறது. மறுபடி துடைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் என்றால் எனக்கு மட்டும் இருக்கட்டும்.

ஜூலை 3, வியாழன்

சண்முகவடிவு சீனி கேட்டு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"மைனி! அண்ணனுக்கு வேர்க்குது!"

"ஏட்டி, மெல்லப் பேசு."

"எம்மா தாயே, நெசமாவே வேர்க்குது. பேர் மேல வேர்க்குது. அவனுக்கு எப்பவும் கழுத்துலதான மைனி வேர்க்கும்? அவன் கேரியரத் தொங்கவிட்டுக்கிட்டு வரும்போது காலர் நனஞ்சிருக்கும்லா?"

ஆமாம் என்றேன். ஓடிப்போய்த் தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து தூக்குக்கு எதிரே போட்டுவிட்டாள். "கூட்டி வைக்கவா கொறச்சி வைக்கவா மைனி?" என்றாள். இவருக்கு ஃபேன் காற்று ஆகாது, மூக்கு அடைக்கும். குறைத்து வைக்கச் சொன்னேன்.

ஜூலை 5, சனி

தெருவே வந்தது. சண்முகவடிவு வாசலில் நின்று செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விடுகிறாள். சொட்டு இப்போது மூன்று எழுத்துகளில் வருகிறது. கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறோம். கற்பூரம் காட்டினாள். ஃபேன் காற்றில் அணைந்தது. "அண்ணனுக்கு வேண்டாமாம்" என்றாள்.

கிண்ணத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். நான் தடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

"எப்படிட்டி இருக்கு?"

கண்ணை மூடி யோசித்தாள். "இரும்ப நக்கின மாதிரி இருக்கு மைனி." பிறகு கண்ணைத் திறந்து கத்தினாள். "சைக்கிள் கடை! அப்படியே அண்ணன் கடை வாசம்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லோரும் கும்பிட்டார்கள்.

தூக்கில் ஊறுகாய் ஒரு விரல் இறங்கியிருக்கிறது. கவலையாக இருக்கிறது. ஆனால் அவர் ஊறுகாயை அவர் எடுத்துக்கொண்டால் நான் எப்படிக் கேட்பது? திதிக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

சண்முகவடிவுக்கு வயிறு சரியில்லை. மூன்று நாளாகக் கிண்ணத்துத் தீர்த்தம் குடித்திருக்கிறாள். "பாவமெல்லாம் வெளிய போகுது மைனி" என்று கொல்லைப்புறத்திலிருந்து சத்தம் கொடுத்தாள். அவ்வளவு பாவமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

போன் ஓயவில்லை. சண்முகவடிவு சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். எல்லோரும் பரணிலிருந்து தங்கள் தூக்கை இறக்கியிருக்கிறார்கள். அவர் எல்லா வீட்டுக்கும் வருகிறாரா என்று பார்க்க வேண்டுமாம். அவருக்குப் பிடித்தது எது என்று யோசித்து யோசித்து ஊற்றியிருக்கிறார்கள்.

ஜூலை 17, வியாழன்

கல்லிடைக்குறிச்சிச் சித்தி உப்புப் போட்ட மோரை ஊற்றினாளாம். மோர் சாம்பல் நிறமாகிவிட்டதாம். "எம் மேல அவனுக்கு அம்புட்டு பாசம்" என்று போனில் அழுதாள். தென்காசி மாமா புளிக்கரைசல் வைத்தாராம். உள்ளே கறுப்புக் கறுப்பாக வந்திருக்கிறதாம். அது இவருடைய மச்சம் என்கிறார். மச்சம் முதுகில் இருந்தது. அது மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

செத்துப்போன பிறகு இவர் ரொம்பத்தான் அலைகிறார்.

ஜூலை 19, சனி

பெரிய அத்தான் வந்தார். இவருக்கு மூத்தவர், பேர் சங்கரலிங்கம், பக்கத்துத் தெரு. இவர் போவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே இரண்டு பேருக்கும் பேச்சில்லை. காரியத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனதோடு சரி. இன்று வந்து படத்தைப் பார்க்கவில்லை. தூக்கைப் பார்த்தார். சொட்டு விழுவதைப் பார்த்தார்.

"சொர்ணம், எனக்கும் ஒரு தூக்கு கொடுத்தியள்லா?"

"ஆமா அத்தான்."

"அவனுக்கு முறுக்குன்னா உசுரு. ஒரு தூக்கு நெறையா முறுக்கு வாங்கி வச்சேன். ஒரு வாரமாச்சி." துண்டால் மூக்கைத் துடைத்தார். "ஒண்ணுமே வரல."

"வருவாருத்தான்."

"எல்லார் வீட்டுக்கும் வாரான். மோரக் கறுப்பாக்கிட்டுப் போறான். தென்காசிக்கு பஸ் ஏறிப் போறான். அடுத்த தெருவுக்கு வர மாட்டங்கான். இன்னும் கோவம் தீரலம்மா அவனுக்கு."

சண்டைக்குக் காரணம் ஊறுகாய்தான். அவர் பேத்திக்குக் காது குத்தியபோது, பந்தியில் இவர் பெருமையாகக் கொண்டுபோய்ப் பரிமாறியதைப் பெரிய அத்தான் வாயில் வைத்துவிட்டு, "இது ஊறுகாயாலே, உப்பளமாலே?" என்று கேட்டுவிட்டார். பந்தியே சிரித்தது. இவர் பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

பெரிய அத்தான் போகும்போது வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். ஒரு கால் சண்முகவடிவுடையது. கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

தூக்கில் பாதிதான் இருக்கிறது. திறந்தால் வாடை வேறு மாதிரி அடிக்கிறது. மோட்டார் ரிப்பேர் பண்ணியும் ஓடவில்லை.

ஜூலை 26, சனி

இந்துமதி இரண்டு நாள் லீவில் வந்தாள். பையைக் கூட இறக்கவில்லை. "எம்மா, தூக்குக்கு எதுக்கு ஃபேன் போட்டிருக்க?" என்றாள்.

எல்லாம் சொன்னேன். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். தூக்கை எடுத்து ஒரு விரலில் தொங்கவிட்டுப் பார்த்தாள்.

"இது எவர்சில்வரே இல்லம்மா. அலுமினியம்."

"உங்க அத்தை எவர்சில்வர்னு சொன்னா."

"அத்தை சொல்லுவாங்க. உப்பும் எலுமிச்சையும் சேந்து நாள்கணக்கா இதுல கெடந்தா தகட்ட அரிச்சிரும். புளியும் அப்படித்தான், புளிச்ச மோரும் அப்படித்தான். பேர் வெட்டும்போது குத்துனாம்லா, அங்கனதான் தகடு இன்னும் மெலிசு. அங்கன மொதல்ல ஓட்ட விழுந்திருக்கு."

"புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே?"

"அரிக்கும்போது காத்து மாதிரி ஒண்ணு வரும். மூடி இறுக்கமா இருக்கதால உள்ள அடஞ்சி கெடந்து வருது."

"சைக்கிள் கடை வாசம்?"

"அரிச்ச தகடு எங்கம்மா போவும்? ஊறுகாய்க்குள்ளதான் கெடக்கு. அதத்தான் அத்தை மூணு நாளு குடிச்சிருக்காங்க."

சண்முகவடிவைக் கூப்பிட்டுக் கேட்டோம். "கடைக்காரன் ஏமாத்திட்டான் மைனி, பாவி!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த வாரம்தான் அவள் புது மிக்ஸி வாங்கினாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் நம்பவில்லை. அடுப்படியில் ஓர் அலுமினியத் தட்டு இருக்கிறது. அதில் யார் பேரும் இல்லை, யாரும் அதற்குள் வர வேண்டிய அவசியமும் இல்லை. அதில் உப்பைக் கொட்டி எலுமிச்சைப் பாதியைக் கவிழ்த்து வை, பார்ப்போம் என்றேன். வைத்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

எலுமிச்சையை எடுத்தோம். அடியில் வட்டமாகத் தட்டு மங்கிப்போயிருக்கிறது. விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது.

"அப்போ அவரு இல்லையாட்டி?" என்று கேட்டேன்.

இந்துமதி தட்டைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று கொல்லைப்புறம் போனாள். ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

ஜூலை 28, திங்கள்

இந்துமதி ஊருக்குப் போய்விட்டாள். ஒரு துண்டாவது இலையில் வைக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். "அப்பாக்கு வச்சத அப்புறம் நாமதானம்மா சாப்பிடணும்" என்றாள். சரிதான்.

முருங்கைக் கன்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டிக் கொட்டினேன். தூக்கைக் கழுவி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பேர் இருந்த இடத்தில் பொடிப் பொடியாக வெளிச்சம் வந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கலாம் போல இருந்தது. வாசிக்கவில்லை.

ஃபேனை அணைத்து எதிர் வீட்டில் கொடுத்தேன்.

ஜூலை 30, புதன்

முருங்கைக் கன்று வாடிவிட்டது. உப்பு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேலை ஒன்றும் ஓடவில்லை. சுவரைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சித்திக்கும் மாமாவுக்கும் இந்துமதி போனில் சொல்லிவிட்டாள். சித்தி நம்ப மாட்டேன் என்று போனை வைத்துவிட்டாளாம். பெரிய அத்தானுக்கு யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு இளைத்திருப்பார் என்று நினைக்கவில்லை. புது முறுக்கு வாங்கி மாற்றியிருக்கிறார். கை முறுக்கு. போன தடவை கடை முறுக்கு வைத்ததுதான் தப்பாம்.

வரப்போகிறார் என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டுப் போய்விடலாம். கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றுங்கள் என்று சொன்னாலே போதும். ஒரு வாரத்தில் அவர் வீட்டிலும் வேர்த்துவிடும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சாப்பிட்டுத் தொலைப்பார் மனுஷன்.

"அத்தான், அவரு யார் வீட்டுக்கும் வரல" என்றேன்.

"என்னம்மா சொல்லுத?"

"என் வீட்டுக்கும் வரல. அது அலுமினியம். உப்பும் புளிப்பும் பட்டா அரிச்சி ஓட்ட விழும். ஒழுகும். முறுக்கு என்ன செய்யும்? அது பாட்டுக்கு இருக்கும். அதான் உங்களுக்கு ஒண்ணும் வரல. அவரு வரல அத்தான். எங்கயும் இல்ல."

இதை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய அத்தான் மடியில் இருந்த தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அப்போ எனக்கு மட்டும் வராம இல்ல" என்றார்.

"இல்ல அத்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

முறுக்கை எடுத்து எனக்கு ஒன்று தந்தார், அவர் ஒன்று கடித்தார். காபி வேண்டுமா என்றார். திதிக்கு என்னென்ன வைக்கப் போகிறாய் என்றார். வடை, பாயசம் எல்லாம் சொன்னேன். ஊறுகாய்தான் இல்லை, அதற்காகத்தான் இத்தனை மாதம் காத்து வைத்திருந்தேன், என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று சொல்லும்போது என்னால் முடியவில்லை.

அவர் எழுந்து அறைக்குள் போனார். கட்டிலுக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். எலுமிச்சை ஊறுகாய். கழுத்து வரை. ஒரு கரண்டி கூட எடுக்கவில்லை.

"போன வருசம் பங்குனியில வடிவு கையில குடுத்து விட்டான். 'இப்பத் தின்னு பாத்துட்டுச் சொல்லச் சொல்லு'ன்னானாம். நான் எதுக்குத் திங்கணும்னு மூடியத் தெறக்கல."

மூடியைத் திறந்தோம். நிறம் நன்றாகக் கறுத்திருந்தது. ஆனால் அது ஊறுகாய் கறுக்கும் கறுப்பு. சைக்கிள் கடை வாசமெல்லாம் இல்லை. எலுமிச்சையும் பெருங்காயமும்தான் அடித்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

எல்லாம் நல்லபடியாக நடந்தது. இந்துமதி வந்தாள். இலையில் வடை, பாயசம், கூட்டு, பொரியல், ஓரத்தில் ஊறுகாய் இரண்டு துண்டு. காக்கைக்கு வைத்தோம். காக்கை வடையைத் தூக்கிக்கொண்டு போனது, ஊறுகாயை அலகால் தள்ளிவிட்டது. சண்முகவடிவு அதற்கு ஏதோ அர்த்தம் சொல்ல ஆரம்பித்தாள். இந்துமதி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். பெரிய அத்தான் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம். கண்ணில் நீர் வந்துவிட்டது. மென்றார். தண்ணீர் குடித்தார். படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பவும் சொல்லுதேன்லே, உப்புக் கூடத்தான்" என்றார்.

"திங்கதுன்னா தின்னுங்க அத்தான், இல்லன்னா எந்திரிங்க" என்றேன். எப்படி அப்படி வந்தது என்று தெரியவில்லை. இவர் சொல்வது அது. பெரிய அத்தான் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கேட்டார்.

நானும் வாயில் வைத்தேன். உப்புக் கூடத்தான். எல்லா வருஷமும் கூடத்தான். முப்பது வருஷம் மோர்ச்சாதத்துக்கு உப்பே போடாமல் சமாளித்தேன்.

பிரச்சினை கிளம்பும்போது வந்தது. பெரிய அத்தான் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அத்தான், அத எங்க கொண்டு போறியோ?"

"எனக்குக் குடுத்து விட்டதும்மா இது."

"ஒண்ணர வருசம் தெறக்காமக் கெடந்ததுதான?"

"தெறக்காட்டா என்ன, என்னுதுதான."

"போட்டது எங்க வீட்டுக்காரரு."

"எனக்குத் தம்பி."

நான் பாட்டிலின் அடியைப் பிடித்தேன். அவர் கழுத்தைப் பிடித்திருந்தார். இரண்டு பேருக்கும் வயதுக்கேற்ற நடத்தை இல்லை என்றாள் இந்துமதி. விடவில்லை.

சண்முகவடிவுக்கு மனசு கேட்கவில்லை. எதிர் வீட்டுக்கு ஓடினாள், ஓடி வந்தாள். "எதுக்குச் சண்ட? ஆளுக்குப் பாதியா ஊத்திக்கிடுங்க. இந்தா, எங்கிட்ட ஒரு தூக்கு புதுசா அப்படியே கெடக்கு" என்று நீட்டினாள்.

"ஏட்டி!" என்று நானும் பெரிய அத்தானும் ஒரே குரலில் கத்தினோம்.